யாருடைய கையெழுத்து?

வைகைக்கரை:
"கட்டாயக் கர்ப்பமெல்லாம் மேல்நாட்டுக் கதை. காதலன் கொடுமைக்காரன் என்றால் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் விடுதித் தோழியின் கருத்தடை மாத்திரை அட்டையைக் காதலன் பிடுங்கி, பைக்கின் டேங்க் கவருக்குள் வைத்துக்கொண்டான். வயிற்றில் பிள்ளை வந்துவிட்டால் அவள் அப்பா சாதி பார்க்காமல் கட்டிவைப்பார் என்பது அவன் கணக்கு. பிறகு கருவைக் கலைக்க மருத்துவமனைக்குப் போனால், "கணவர் கையெழுத்து வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமே அதைத்தான் சொல்கிறது.

செந்தூரான்:
எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். என் அக்காவுக்கும் கணவர் கையெழுத்து கேட்டார்கள். கையெழுத்து இல்லாமல் எங்கேயும் நடக்காது.

வைகைக்கரை:
கேட்டார்கள் என்பதால் அது சட்டமாகிவிடுமா? குடும்பத்தாரின் சம்மதம் போன்ற கூடுதல் நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. திருமணமாகாதவளுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்றதும் அதே தீர்ப்புதான்.

நெல்வயல்:
முதலாண்டு மாணவிகளில் பலருக்கு 17 வயதுதானே? அவர்களுக்குப் பாதுகாவலர் எழுதித்தர வேண்டும். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

வைகைக்கரை:
மறைக்கவில்லை. "18 வயது நிரம்பியவளுக்கு" என்றுதான் எழுதினேன். கண்ணைத் திறந்து படியுங்கள்.

மூத்தவர்:
விடுதிக் கதவை ஆறு மணிக்குப் பூட்டினால் இந்தப் பேச்சே வராது.

கடலோரம்:
ஐயா, கொடுமைக்காரக் காதலன் பகலில்தான் அடிக்கிறான். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம். ஆனால் சென்னையில் எத்தனை கடைகளில் "இல்லை" என்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். முதலில் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

மூத்தவர்:
பெரியவர்களிடம் பேசும் முறையா இது?

செந்தூரான்:
கட்டாயக் கர்ப்பம் பற்றி உங்கள் கூட்டம் எப்போதும் தூக்கிப்பிடிக்கும் 2010 ஆய்வு வட கலிபோர்னியாவில் எடுத்தது. மதுரையில் எடுத்ததல்ல.

வைகைக்கரை:
கலிபோர்னியாவில்தான். கருத்தடை மையங்களுக்கு வந்த இளம்பெண்களிடம் கேட்டார்கள். கர்ப்பமாகும்படி துணைவன் வற்புறுத்தினான் என்று ஏறத்தாழ ஐந்தில் ஒருத்தி சொன்னாள். இங்கே அதை யார் கேட்கிறார்கள்? கணவர் கையெழுத்தை மட்டும் கேட்கிறார்கள். அடித்தவனே வந்து கையெழுத்துப் போடட்டும் என்கிறீர்களா?

செந்தூரான்:
முன்பு இங்கே நடந்த வரதட்சணை விவாதத்திலும் இப்படித்தான் பேச்சைத் திருப்பினீர்கள். என் அக்காவிடம் கேட்டார்களா, இல்லையா?

வைகைக்கரை:
அந்த விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். கேட்டது சட்டவிரோதம். அவள் சம்மதமில்லாமல் கருவைக் கலைக்க வைப்பவனுக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. இரண்டு பக்கமும் சம்மதம் அவளுடையது.

நெல்வயல்:
17 வயதுக்கு இன்னும் பதில் வரவில்லை.

செந்தூரான்:
கையெழுத்து கேட்டார்கள். அவ்வளவுதான்.