விலை குறைந்த பாஸ் கிட்டார்: கீழ் ஃப்ரெட்டில் உரசல், மேலே கம்பி உயரம். செட்டப்பில் சரியாகுமா?

அடித்தந்தி:

வணக்கம். நாலு கம்பி, 34 இஞ்ச் ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), ஒரு பி பிக்அப், ஒரு ஜே பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் இரு வகைக் காந்தச் சுருள்கள்) உள்ள ஆரம்பநிலை பாஸ் வைத்திருக்கிறேன். வாங்கும்போது 45-105 செட் (கம்பித் தடிமன், ஆயிரத்தில் ஒரு இஞ்ச் கணக்கில்) இருந்தது. விரலுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று 40-95 மாற்றியதிலிருந்து ஈ, ஏ இரண்டு கம்பியிலும் முதல் நாலு ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள்) கிர்ரென்று உரசுகிறது. ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் சத்தம் சுத்தம். சாடிலை (உடல்பக்கம், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) நன்றாக ஏற்றிப் பார்த்தேன். கீழே உரசல் அப்படியே இருக்கிறது, மேலே கம்பியை அழுத்தவே கஷ்டமாகிவிட்டது.

அளந்தது இது: 17-வது ஃப்ரெட்டில் ஃப்ரெட் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடைவெளி ஈ 3.6 மி.மீ., ஜி 3.0 மி.மீ. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 8-வது ஃப்ரெட்டில் ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.05 மி.மீ. தகடு கூட நுழையவில்லை. 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால், அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) ஈ 18 சென்ட், ஜி 10 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறி நிற்கிறது.

பாஸே தரமில்லாததா, வேறு வாங்க வேண்டுமா, இல்லை நானே சரிசெய்யலாமா? இன்னொன்று: தங்கையும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், கை சின்னது. அவளுக்கு எந்த மாதிரி பார்க்கலாம்?

---

மரமும் கம்பியும்:

வேறு வாங்க வேண்டாம். உங்கள் அளவுகளிலேயே பதில் இருக்கிறது: நெக் நேராக, ஒருவேளை பின்பக்கமாகவே வளைந்து நிற்கிறது.

கம்பிகள் நெக்கை முன்னால் இழுக்கின்றன, உள்ளே இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் அதைப் பின்னால் பிடிக்கிறது. 45-105 செட்டின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 75 முதல் 80 கிலோ. ஒரே ஸ்கேலில், ஒரே ட்யூனிங்கில் இழுவிசை கம்பித் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துப் போகும். 105-லிருந்து 95-க்கு இறங்கினால் ஈ கம்பியில் மட்டும் சுமார் 18 சதவீதம் குறைகிறது. கனமான செட்டுக்கு முறுக்கிய ராட் அப்படியே இருக்க, கம்பியின் பிடி தளர்ந்தது. அதனால் நெக் பின்னால் போய்விட்டது.

சாடிலை ஏற்றினால் தீராததற்குக் காரணம் கணக்கு. சாடிலை 1 மி.மீ. ஏற்றினால் 12-வது ஃப்ரெட்டில் 0.5 மி.மீ. உயரும். முதல் ஃப்ரெட்டில் உயர்வது 0.06 மி.மீ.க்கும் குறைவு. வலி எல்லாம் மேலே, பலன் கீழே வரவே வராது. கீழ் ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் முதலில் நெக்கைப் பாருங்கள், சாடிலைத் தொடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கம்பியைச் சரியாக ட்யூன் செய்து, வாசிக்கும் நிலையில் பாஸைப் பிடித்துக்கொண்டு அளங்கள். படுக்கவைத்தால் நெக்கின் எடையே அளவைக் கொஞ்சம் மாற்றும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் விரலால் அழுத்தி, 8-வது ஃப்ரெட்டின் மேல் 0.3 மி.மீ. தகடு கம்பியை அசைக்காமல் நுழைய வேண்டும். அதுதான் இலக்கு. 0.25 முதல் 0.35 வரை பரவாயில்லை.

ராட் தலையில் உட்காரும் ஆலன் கீயை (அறுகோணச் சாவி) அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். இஞ்ச் அளவும் மி.மீ. அளவும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும்: 1/8 இஞ்ச் என்பது 3.18 மி.மீ., 3/16 இஞ்ச் என்பது 4.76 மி.மீ. 1/8 குழியில் 3 மி.மீ. கீயை விட்டு முறுக்கினால் மூலைகள் தேய்ந்து குழி வட்டமாகிவிடும், பிறகு அந்த நெக்கே தலைவலி. பாஸோடு வந்த கீ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கீ முழு ஆழத்துக்கு இறங்கி, ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும்.

கீ செருகும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் திருப்பினால் ராட் தளரும், நெக் முன்னால் வரும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று போதும். திரும்ப ட்யூன் செய்யுங்கள், திரும்ப அளங்கள். மரம் நின்று அடங்க நேரம் எடுக்கும், மறுநாளும் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது. தளர்த்திக்கொண்டே போகும்போது கீ சும்மா சுற்ற ஆரம்பித்தால் ராட் முழுக்கத் தளர்ந்துவிட்டது என்று பொருள். பல விலை குறைந்த பாஸ்களில் ராட் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும், நெக்கை முன்னால் தள்ளாது. அப்படியானால் 45-105 செட்டுக்கே திரும்புங்கள், அந்த நெக்குக்கு அதுதான் பொருத்தம்.

ரிலீஃப் (மேலே 8-வது ஃப்ரெட்டில் அளந்த இடைவெளி) சரியான பிறகுதான் சாடில். 17-வது ஃப்ரெட்டில் ஈ 2.4, ஜி 2.0 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். ஏ, டி இரண்டும் ஃப்ரெட்போர்டின் வளைவை ஒட்டி இடையில் வரும். பெரும்பாலும் 1.5 மி.மீ. ஆலன் கீ போதும். ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு திருகும் பிரிட்ஜ் தட்டில் அழுந்தி நிற்கிறதா பாருங்கள். ஒன்று அந்தரத்தில் நின்றால் அதுவே அதிர்ந்து சத்தம் போடும், நீங்கள் ஃப்ரெட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்டனேஷனை (மேல் ஃப்ரெட்டுகளிலும் ஸ்வரம் சரியாக வர, சாடிலை முன்னும் பின்னும் நகர்த்துவது) இப்போது தொடவே வேண்டாம். 3.6 மி.மீ. உயரத்தில் கம்பியை அழுத்தினால் அது இழுபட்டு ஸ்வரம் ஏறத்தான் செய்யும். உயரம் இறங்கினால் அந்த 18 சென்ட்டில் ஒரு பகுதி தானாகக் குறையும்.

---

விரல்நுனி:

மேலே சொன்னதோடு நட்டையும் (நெக் முனையில, கம்பி உக்கார்ற குழிகள் உள்ள கட்டை) பார்த்துவிடுங்க. மூணாவது ஃப்ரெட்டை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு தூக்கி நிக்குதுன்னு பாருங்க. தட்டினா லேசா டிக் சத்தம் வரணும், 0.2 மி.மீ. சுத்தி இருந்தா அருமை. அங்கே கம்பி ஃப்ரெட்டிலேயே படுத்திருந்தா, அழுத்தாத வெறும் கம்பி மட்டும் உரசும். 45-க்கு வெட்டின குழியில 40 கம்பி ஆடலாம், அப்போ ஜி கம்பியில தம்புராவுல ஜீவா நூல் போட்ட மாதிரி ஒரு ரீங்காரம் வரும். அதுக்கு நட்டை மாத்துறதுதான் சரியான வழி.

ஆம்ப்ல போட்டும் கேளுங்க. கையில கேக்குற உரசல் பாதி ஸ்பீக்கர்ல வராது. பாஸ்ல கொஞ்சம் உரசல் இருக்கறது குறையே இல்ல, ஸ்வரம் சட்டுனு செத்துப்போனாத்தான் குறை.

மெல்லிசு கம்பி அகலமா ஆடும். அதனால வலது கையும் மாறணும். விரல் நுனியைக் கம்பிக்கு அடியில கொக்கி மாதிரி விட்டுத் தூக்கி விட்டா, கம்பி ஃப்ரெட்டை நோக்கி மேலும் கீழுமா அடிக்கும். குறுக்கே தள்ளி, அடுத்த கம்பியில விரல் வந்து சாயற மாதிரி வாசிச்சா அதிர்வு ஃப்ரெட்டுக்கு இணையா போகும். சத்தம் வேணும்னா ஆம்ப் வால்யூமை ஏத்துங்க, விரல் பலத்தை ஏத்தாதீங்க.

இடது கை: 34 இஞ்ச்ல முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 13 செ.மீ. தூரம். நாலு விரலையும் ஃப்ரெட்டுக்கு ஒண்ணுன்னு விரிச்சா விரல் ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல அழுத்த வேண்டி வரும், அதுவும் உரசலுக்கு ஒரு காரணம். அஞ்சாவது ஃப்ரெட்டுக்குக் கீழே ஆள்காட்டி, நடு விரல், அப்புறம் மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒண்ணா, மூணு ஃப்ரெட்டுக்கு மட்டும் வையுங்க. ஃப்ரெட் கம்பிக்குச் சற்றே பின்னால அழுத்துங்க, பாதி பலம் போதும்.

---

அடித்தந்தி:

இருவருக்கும் நன்றி. ரிலீஃப் இப்போது 0.3, உயரம் ஈ 2.3, ஜி 1.9. கீழ் ஃப்ரெட் உரசல் போய்விட்டது, நட்டும் சரியாகவே இருக்கிறது. மூன்று விஷயம் பாக்கி. ஈ சாடில் பின்னால் முட்டிவிட்டது, ஸ்ப்ரிங் முழுக்க நசுங்கியும் இன்னும் 6 சென்ட் அதிகம். ஜி கம்பியில் 13-வது ஃப்ரெட் மட்டும் டக்கென்று அடைபடுகிறது. ஆம்பில் ஒரு ஹம் (ஓயாத ரீங்காரம்) இருக்கிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது.

---

மரமும் கம்பியும்:

ஈ கம்பி: சாடிலுக்கு முன்னால் கம்பி மெல்ல வளைந்து மேலே எழும்புகிறதா பாருங்கள். தடித்த கம்பி புதிதில் அப்படித்தான் நிற்கும். சாடிலை ஒட்டி முன்பக்கம் கட்டைவிரலால் கீழே அழுத்தி ஒரு தெளிவான மடிப்பு விழச் செய்யுங்கள், நட்டை ஒட்டியும் அதேபோல. ட்யூன் செய்து திரும்ப அளங்கள், சில சென்ட் இதிலேயே போகும். அடுத்தது பிக்அப். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் ஈ கம்பிக்கும் பிக்அப்புக்கும் 3 மி.மீ., ஜி கம்பிக்கு 2.5 மி.மீ. இடைவெளி கொடுங்கள். அதைவிட நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்வரம் அலையும், ட்யூனர் முள் நிற்காது. இதற்குப் பிறகும் அதிகமாக இருந்தால் அந்தச் சாடிலின் ஸ்ப்ரிங்கைக் கழற்றிப் பாதியாக வெட்டிப் போடுங்கள், சாடில் பின்னால் போக இடம் கிடைக்கும். திருகைத் திருப்பும் முன் கம்பியைத் தளர்த்த மறக்காதீர்கள்.

வெறும் ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். பல சின்ன ட்யூனர்கள் அதில் தடுமாறும். கேபிளில் இணைக்கும் ட்யூனரை எடுத்து, டோன் குமிழைக் குறைத்து, 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கில் ட்யூன் செய்தால் நம்பகமாக இருக்கும்.

13 அடைபடுகிறது என்றால் குற்றவாளி 14. அழுத்திய ஃப்ரெட்டுக்கு அடுத்தது உயர்ந்திருக்கிறது. 13, 14, 15 மூன்றின் மேலும் ஜி கம்பிக்கு நேராக ஒரு நேரான உலோக விளிம்பை வையுங்கள், ஆடினால் உறுதி. உடனே அரத்தை எடுக்க வேண்டாம். விரல் நகத்தால் ஃப்ரெட் முனையை அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அது பள்ளத்திலிருந்து எழும்பியிருக்கிறது. நெக்கின் பின்பக்கம் துணி மூட்டை ஒன்றைத் தாங்கலாக வைத்து, பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி உட்காரவைத்து, நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, மரக்கட்டை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். சுற்றிலும் மறைப்பு நாடா ஒட்டிவிட்டே பசையைத் திறக்க வேண்டும். அசையாமல் கெட்டியாக உயர்ந்திருந்தால் மட்டுமே தேய்க்க வேண்டும், தேய்த்த இடத்தை மறுபடி உருண்டையாக்கவும் வேண்டும். அது தெரிந்தவர் கையில் போவது நல்லது. ஒரே ஒரு ஃப்ரெட்டுக்காகக் கம்பி முழுவதையும் உயர்த்தாதீர்கள்.

---

இணைப்புக்காரர்:

ஹம் பற்றி. தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயர் நன்றாக இருக்கிறது, கவசம்தான் இல்லை. பி பிக்அப் இரண்டு துண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, தானே ஹம்மை அடக்கிவிடும். ஜே ஒற்றைச் சுருள். இரண்டு ஜே உள்ள பாஸில் இரண்டையும் முழு வால்யூமில் வைத்தால் ஹம் ரத்தாகும், உங்கள் பி-ஜே அமைப்பில் அது நடக்காது. ஜே குமிழை மூடிக் கேளுங்கள், உடனே தெரியும்.

பிக்அப்பும் குமிழ்களும் இருக்கும் குழிகளின் உட்புறம் முழுக்கச் செம்புத் தகடு நாடா ஒட்டி, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படுமாறு வைத்து, சந்திப்புகளில் ஒரு பொட்டு சோல்டர் வைத்து, ஒரு ஒயரால் பாட் (குமிழின் அடியில் உள்ள பாகம்) முதுகில் இணைத்தால் பெருமளவு அடங்கும். மல்டிமீட்டரில் எல்லாத் துண்டும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கிறதா சோதியுங்கள். ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) சிக்னல் முனை தகட்டைத் தொட்டால் பாஸ் முழு ஊமையாகிவிடும், அந்த இடத்தில் மட்டும் காப்பு நாடா ஒட்டுங்கள். முழுக்க அடங்க வேண்டும் என்றால் அதே அளவில் வரும், ஹம்மை ரத்து செய்யும் ஹம்பக்கர் ஜே பிக்அப் போட வேண்டும்.

ஜாக் தளர்ந்திருந்தால் அதன் வெளித் திருகு நட்டை மட்டும் பிடித்து முறுக்க வேண்டாம். உள்ளே ஜாக் சேர்ந்து சுற்றி ஒயர் அறுந்துவிடும். பின்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள்.

---

விரல்நுனி:

தங்கச்சி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல. 30 இஞ்ச் ஷார்ட் ஸ்கேல் நல்ல வழி. நான் மேலே சொன்ன 13 செ.மீ. அதுல பதினொன்றரைக்கு வந்துடும். ஸ்குவையர் பிராங்கோ அந்த வகைதான். ஆனா அதுல சாடில் ரெண்டே ரெண்டு, ஒவ்வொண்ணும் ரெண்டு கம்பிக்குப் பொது, அதனால இன்டனேஷன்ல சமரசம் பண்ணித்தான் ஆகணும். நாலு தனிச் சாடில் உள்ளது கிடைச்சா அதை எடுங்க. ஸ்ட்ரிங்கும் ஷார்ட் ஸ்கேல் செட்டாவே வாங்கணும். நீளமான செட்டை வெட்டிப் போட்டா தடிச்ச பகுதி ட்யூனர் தூணைச் சுத்தும், சுருள் பிரிஞ்சு கம்பி மந்தமாயிடும்.

34 இஞ்ச்தான் வேணும்னா நட் பக்கம் 38 மி.மீ. அகலம் உள்ள ஜே நெக் பார்க்கலாம். பி நெக் பொதுவா 41-லிருந்து 44 வரை போகும். ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200 மெல்லிசான நெக், உடம்பும் கனமில்ல. அதுல 9 வோல்ட் பேட்டரி உண்டு, ஜாக்ல கேபிள் செருகியே இருந்தா பேட்டரி தீர்ந்துக்கிட்டே இருக்கும், வாசிச்சு முடிச்சதும் பிடுங்கிடணும். யமஹா டிஆர்பிஎக்ஸ்174-ல பேட்டரி கிடையாது.

எதை எடுத்தாலும் ஸ்ட்ராப் மாட்டி நிக்க வெச்சுக் கையை விடுங்க. ஹெட்ஸ்டாக் (ட்யூனர் இருக்குற தலைப்பகுதி) தரையைப் பார்த்துச் சாய்ஞ்சா, இடது கை நெக்கைத் தாங்குற வேலையிலேயே இருக்கும், சின்னக் கைக்கு அது ரொம்பக் கஷ்டம். சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் கொஞ்சம் உதவும். பழசு வாங்கினா ட்ரஸ் ராட் ரெண்டு பக்கமும் கொஞ்சம் திரும்புதா, சாடில் திருகுல இன்னும் முன்னும் பின்னும் இடம் இருக்கா, ஜி கம்பியில அஞ்சாவது, ஏழாவது ஃப்ரெட் பக்கம் எங்கயாவது ஸ்வரம் சீக்கிரம் சாகுதான்னு பார்த்துட்டு எடுங்க. அந்த கடைசிக் குறை செட்டப்புல போகாது. ஹெட்ஸ்டாக்ல ஒரு எடையைக் கவ்வ வெச்சா வேற ஃப்ரெட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.