செருகுனா ஓடும்னு சொன்னவரே, அந்த பின் ஃபைல் எங்கேருந்து வந்துச்சு?

சிராங்கூன்_பழசு · ஞாயிறு இரவு 9:14

மூணு மாசமா பொறுத்துப் பாத்தேன், இன்னிக்கு முடியல. பழைய லேப்டாப் இழையில பென்குவின்_பொங்கோல் எழுதுனது இது: "விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுக்குங்க, ஸ்கேனருக்குக் கவலையே வேணாம், லினக்ஸ்ல எந்தப் பழைய ஸ்கேனருக்கும் டிரைவர் தேவையில்ல, செருகுனா ஓடும்." யாரு வந்து கேட்டாலும் இதே பதில்தான்.

எங்க புளோக்ல ஏழாவது மாடியில ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்காரு. எப்சன் பெர்ஃபெக்‌ஷன் 2480 ஸ்கேனர் வச்சிருந்தாரு, கண்ணாடில ஒரு கீறல் கிடையாது. இந்தப் பேச்ச நம்பி மின்ட் போட்டாரு, செருகுனாரு. ஸ்கேனர் பேரு லிஸ்ட்ல வருது, ஸ்கேன் பட்டன அமுக்குனா ஓப்பன் ஆகல, 'இன்வேலிட் ஆர்கியுமென்ட்'ங்குது. பத்து தடவ கழட்டி மாட்டிப் பாத்துட்டு, எதுல வேணா ஓடும்னு சொன்ன லினக்ஸ்லயே ஓடலன்னா மெஷின் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி, பழைய சாமான் வாங்குற காராங்குனி ஹார்ன் சத்தம் கேட்டதும் கீழ எறக்கி ரெண்டு வெள்ளிக்குக் குடுத்துட்டாரு. நான் வேலை முடிஞ்சு வந்தப்ப அவரு வீட்ல மிச்சம் இருந்தது அந்த கரண்ட் அடாப்டர் மட்டும்தான்.

மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஈஎஸ்எஃப்டபிள்யூ41.பின் அப்டின்னு ஒரு ஃபர்ம்வேர் ஃபைல், அதாவது ஸ்கேனருக்குள்ளயே ஓடுற புரோகிராம், வேணும், அது இல்ல, அவ்வளவுதான். இப்ப சொல்லுங்க, டிரைவரே தேவையில்லன்னா அந்த ஃபைல் எங்கேருந்து வரணும்?

பென்குவின்_பொங்கோல் · 9:31

அண்ணே, வாத்தியாருக்கு நடந்தது கஷ்டமாதான் இருக்கு. ஆனா என் மேல ஏன் போடுறீங்க? ஃபர்ம்வேர் வேற, டிரைவர் வேற. 2480க்கு டிரைவர் ஸ்னாப்ஸ்கேன், அது சேன் பேக்கெண்ட்ஸ்ங்குற லினக்ஸ் ஸ்கேனர் டிரைவர் தொகுப்பு உள்ளயே வருது, மின்ட் போட்டாலே இருக்கும். யுஎஸ்பில எப்சனோட 04பி8ங்குற நம்பரையும் மாடல் நம்பரையும் பாத்ததும் அதுவே புடிச்சுக்குது, அதனாலதான் லிஸ்ட்ல பேரு வந்துச்சு. பின் ஃபைல் ஓடுறது ஸ்கேனர் வயித்துக்குள்ள, உங்க கம்ப்யூட்டர்ல இல்ல. என் கேனோஸ்கேன் லைடு 25ஐ செருகுனேன், டீ ஆறுறதுக்குள்ள ஸ்கேன் வந்திருச்சு. நான் எந்த ஃபைலையும் தேடல.

சிராங்கூன்_பழசு · 9:52

உங்க லைடு 25 பிளஸ்டெக் பேக்கெண்ட்ல ஓடுறது, அதுக்கு ஃபைல் வேணாம். நான் அதப் பத்திக் கேக்கவே இல்ல. "எந்தப் பழைய ஸ்கேனருக்கும்"னு எழுதுனது நீங்க. உங்க வீட்ல ஒரு ஸ்கேனர் ஓடுதுன்னா ஊர்ல இருக்குற எல்லா ஸ்கேனரும் ஓடுமா?

2480க்கு என்ன நடக்குதுன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அந்த மெஷினுக்குள்ள முழு ஃபர்ம்வேர் நிரந்தரமா கிடையாது. கரண்ட் போட்டதும் வெறும் மண்டையா எந்திரிக்கும், கம்ப்யூட்டர்தான் அந்த பின் ஃபைல அதுக்கு ஊட்டணும், கரண்ட ஆஃப் பண்ணா எல்லாம் மறந்துரும், திரும்ப ஊட்டணும். விண்டோஸ்ல இது நம்ம கண்ணுக்குத் தெரியாம நடக்கும், ஏன்னா சிடி போட்டப்பவே அந்த ஃபைல் ட்வைன்_32 ஃபோல்டருக்குள்ள போய் உக்காந்திருச்சு. லினக்ஸ்ல அந்த ஃபைல யாரும் சேத்துக் குடுக்க முடியாது, அது கம்பெனிக்குச் சொந்தமானது. பழைய விண்டோஸ் டிஸ்க்லேருந்தோ அந்த சிடிலேருந்தோ நீங்களேதான் எடுக்கணும். எடுத்து /யூஎஸ்ஆர்/ஷேர்/சேன்/ஸ்னாப்ஸ்கேன் ஃபோல்டர்ல வச்சு, /ஈடிசி/சேன்.டி உள்ள இருக்குற ஸ்னாப்ஸ்கேன்.கான்ஃப்ல 'யுவர்-ஃபர்ம்வேர்ஃபைல்.பின்'னு ஒரு போலி பேரு இருக்கும் பாருங்க, அதத் தூக்கிட்டு உண்மையான பாதைய எழுதணும். பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒண்ணு மாறுனாலும் திரும்ப அதே இன்வேலிட் ஆர்கியுமென்ட்தான், அப்படி ஒரு ராத்திரி முழுக்க நான் முழிச்சிருக்கேன்.

இதுக்குப் பேரு செருகுனா ஓடுறதா? ஃபைல் எங்கேருந்து வந்துச்சு?

பென்குவின்_பொங்கோல் · 10:03

ஃபைல் சிடிலேருந்து வந்துச்சு. டிரைவர் சேன்லேருந்து வந்துச்சு. ரெண்டும் ஒண்ணில்ல. இதத்தானே ஆரம்பத்துலேருந்து சொல்றேன்.

சிராங்கூன்_பழசு · 10:05

சிடிலேருந்து வந்துச்சுன்னு இப்ப ஒத்துக்கிட்டீங்க. அந்த சிடி மேல என்ன எழுதியிருக்கு? டிரைவர் சிடி.

பென்குவின்_பொங்கோல் · 10:07

சிடி மேல எழுதுனா அது டிரைவர் ஆயிருமா? அதே சிடில பிடிஎஃப் மேனுவலும்தான் இருக்கு, அதுவும் டிரைவரா?

ஈசூன்காரி · 10:20

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்குங்க. என்கிட்ட இருக்குறது யுஎஸ்பிலயே கரண்ட் எடுத்துக்குற தட்டை ஸ்கேனர். உபுண்டுல முதல் தடவ அழகா ஸ்கேன் ஆகுது, ரெண்டாவது தடவ அப்படியே நின்னுருது, கழட்டி மாட்டுனாதான் திரும்ப வருது. அம்மாவோட பழைய மருத்துவ ரிப்போர்ட் நாப்பது பக்கம் இருக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன். யாருக்காச்சும் தெரியுமா?

அங்மோகியோ_தமிழ் · 10:26

ஒரு பொதுவான வேண்டுகோள். 'வருடி'ன்னு நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது எல்லாரும் ஸ்கேனர் ஸ்கேனர்னு எழுதுறது வருத்தமா இருக்கு. சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி. நாமளே புழங்கலன்னா யாரு புழங்குவா?

சிராங்கூன்_பழசு · 10:33

ஐயா, தேக்கா கடையில போய் வருடி இருக்கான்னு கேட்டா மூஞ்சியப் பாப்பான். அந்த விவாதத்துக்குத் தனி இழை போடுங்க, நான் வரேன். இங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்.

பென்குவின் தம்பிக்கு இன்னொண்ணு. 2480 மட்டும்தான்னு நெனைக்காதீங்க. ஸ்கேன்ஸ்னாப் எஸ்1500 வச்சிருந்தா ஃபுஜிட்சு பேக்கெண்ட், ஃபைல் வேணாம், செருகுனா ஓடும், ஒத்துக்குறேன். அதே குடும்பத்துல சின்னது எஸ்300, எஸ்1300, அதுங்களுக்கு எப்ஜிட்சு பேக்கெண்ட், டாட் நால்னு முடியுற ஃபர்ம்வேர் ஃபைல் வேணும், ஃபைல் இல்லன்னா வெறும் பொட்டி. கேரசல் ஆப்ல செகண்ட்ஹேண்ட் வாங்குற பிள்ளைங்களுக்கு இந்த வித்தியாசம் எப்டித் தெரியும்? உங்க ஒத்தை வரிய படிச்சிட்டுக் காசக் குடுத்துருவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி சேன் ப்ராஜெக்ட் பக்கத்துல மாடல் நம்பரப் போட்டு எந்த பேக்கெண்ட், ஃபர்ம்வேர் வேணுமா வேணாமான்னு பாருன்னு ஒரு வரி சேத்து எழுத உங்களுக்கு என்ன வலிக்குது?

பென்குவின்_பொங்கோல் · 10:41

வலிக்கல. ஆனா நீங்க ஃபர்ம்வேர டிரைவர்னு சொல்றவரைக்கும் நான் சேத்து எழுதப் போறதில்ல.

அப்புறம், போன வருஷம் ராஸ்பெர்ரி பை இழையில என்ன செஞ்சீங்கன்னு எனக்கு மறக்கல. சேன்ட்ங்குற சர்வர் புரோகிராம் போட்டு நெட்வொர்க்ல ஸ்கேனர ஷேர் பண்றத நான் படிப்படியா எழுதுனேன், சேன்ட்.கான்ஃப்ல எந்த மெஷினெல்லாம் சேரலாம்ங்குற ஐபி வரம்பு எழுத விட்டுட்டேன், அந்த ஒரே வரிக்காக "தம்பிக்கு இன்னும் அனுபவம் பத்தல"ன்னு அத்தன பேர் முன்னாடி போட்டீங்க. 6566 போர்ட்லேருந்து எல்லாம் சரியா எழுதியிருந்தேன். அது யாரு கண்ணுக்கும் படல.

சிராங்கூன்_பழசு · 10:49

அந்த ஒரு வரி இல்லாம வேற மெஷின்லேருந்து ஸ்கேனர் தெரியவே தெரியாது தம்பி. விட்டது சின்ன வரிதான், ஆனா அது இல்லாம ஓடாது. இப்பவும் அதே கததான். பின் ஃபைல் இல்லாம ஓடாது.

ஜூரோங்_பாய் · 10:58

நான் சும்மா படிச்சிட்டு இருந்தேன். பழசு அண்ணே, உங்க 2480ஐ 2018ல சுங்கை ரோடு சந்தையில பத்து வெள்ளிக்கு வாங்குனேன்னு வேற ஒரு இழையில எழுதியிருக்கீங்க. சுங்கை ரோடு சந்தைய 2017 ஜூலை 10ஓட மூடிட்டாங்க. கடைசி நாள் நான் நேர்லயே போயிருந்தேன், நிக்க எடமில்ல.

பென்குவின்_பொங்கோல் · 11:00

சரியாப் போச்சு. எங்க சந்தை எப்ப மூடுச்சுன்னே தெரியாதவரு எனக்கு டிரைவர் பாடம் எடுக்குறாரு.

சிராங்கூன்_பழசு · 11:12

அந்த சந்தையில கட போட்ட பெரியவர்கிட்டதான் வாங்குனேன். அவரு எந்த வருஷம் எந்த எடத்துல வச்சி வித்தா உங்களுக்கு என்ன? ஸ்கேனர் இப்ப என் மேசை மேல இருக்கு. வாங்குன தேதிக்கும் பின் ஃபைலுக்கும் என்ன சம்பந்தம்?

ஜூரோங்_பாய் · 11:14

தேதி தப்புன்னுதான் சொன்னேன். தப்புன்னா தப்புதானே.

சிராங்கூன்_பழசு · 11:38

எதுக்கு இந்தப் பழச புடிச்சித் தொங்குறேன்னு ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டுக் கேட்டாரு. எல்லாருக்குமே சொல்றேன்.

வாத்தியார்கிட்ட ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் இருக்கு, கெட்டி அட்டை, தையல் பைண்டிங். விரிச்சு வச்சா நடுமடிப்பு கண்ணாடியத் தொடாது, அரை விரக்கட மேலயே நிக்கும். லைடு மாதிரி தட்டை ஸ்கேனர்ல இருக்குறது சிஐஎஸ் சென்சார், கண்ணாடிய ஒட்டி இருந்தாதான் தெளிவா எடுக்கும், கொஞ்சம் தூக்குனாலும் மடிப்புப் பக்கம் எழுத்தெல்லாம் புகையாப் போயிரும். 2480ல இருக்குறது சிசிடி சென்சார், உள்ள கண்ணாடி லென்ஸ் எல்லாம் இருக்கு, மடிப்புக்குள்ள இருக்குற எழுத்தையும் படிக்குற மாதிரி எடுத்துக் குடுக்கும். அந்த மலர்ல பழைய தும்பிக்கை லை, தும்பிக்கை னை, பழைய றா எல்லாம் அச்சுல இருக்கு. படத்துலேருந்து எழுத்தப் படிக்குற டெசராக்ட்ல தமிழ் போட்டு 300 டிபிஐல ஓட்டுனா புது எழுத்த நல்லாவே படிக்கிது, தும்பிக்கையப் பாத்தா தடுமாறுது. மடிப்புல புகை வேற இருந்தா ஒண்ணுமே தேறாது. புஸ்தகத்தப் பிரிச்சுத் தட்டையாக்கலாம்னு நான் சொன்னேன், அவரு புஸ்தகத்த மார்போட அணைச்சுக்கிட்டாரு.

இப்ப அந்த மலரு இருக்கு, ஸ்கேனர் இல்ல. என் மெஷினக் குடுத்திருக்கேன், வாரம் பத்து பக்கம் எடுக்குறாரு. பத்து கேபி கூட பெருசில்லாத விஷயத்துக்காக நல்ல மெஷின் காராங்குனி வண்டியில போச்சுன்னா எனக்குக் கோவம் வரும், வரத்தான் செய்யும்.

பென்குவின்_பொங்கோல் · 11:47

பத்து கேபின்னு எப்டிச் சொல்றீங்க? ஃபைல் சைஸ் பாத்தீங்களா?

சிராங்கூன்_பழசு · 11:49

சின்னதுன்னு சொல்ல வந்தேன்.

பென்குவின்_பொங்கோல் · 11:50

அப்ப சின்னதுன்னு எழுதுங்க. என்ன மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் புடிக்கிறீங்கள்ல.

ஈசூன்காரி · திங்கள் காலை 7:05

யாரும் பதில் சொல்லல, நானே தேடிட்டேன். யுஎஸ்பி 3 போர்ட்தான் காரணம். சேன்_யுஎஸ்பி_ஒர்க்கரவுண்ட்னு ஒரு மாறி இருக்கு, அத 1ன்னு வச்சிட்டு டெர்மினல்லேருந்து ஸ்கேன் பண்ற எக்ஸ்சேன் புரோகிராமத் தொறந்தா ரெண்டாவது பக்கமும் வருது. இருபத்தி ரெண்டு பக்கம் முடிச்சிட்டேன். ஆனா சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்துல ஓட்டுனாதான் ஸ்கேனர் தெரியுது, இல்லன்னா காணோம்.

பென்குவின்_பொங்கோல் · 7:40

சூடோ போட்டே ஓட்டுங்க அக்கா, வேலை ஆனா சரி.

சிராங்கூன்_பழசு · 7:52

ஓட்டாதீங்கம்மா. ரூட்ல ஓடுறன்னு எக்ஸ்சேனே எச்சரிக்கை காட்டும், அத மூடிட்டுப் போகக்கூடாது. ஸ்கேன் ஆன ஃபைலெல்லாம் ரூட் பேர்ல சேவ் ஆகும், அப்புறம் அம்மா ரிப்போர்ட்ட நீங்களே திருத்த முடியாது. சூடோல தெரிஞ்சு சாதாரணமா தெரியலன்னா அது பர்மிஷன் பிரச்சன, மெஷின் நல்லா இருக்கு. உங்க பேர ஸ்கேனர் குரூப்ல சேருங்க, லாக்அவுட் பண்ணிட்டுத் திரும்ப உள்ள வாங்க. அப்பவும் வரலன்னா எந்த மெஷினுக்கு அனுமதின்னு சொல்ற யூடெவ் ரூல்ல உங்க மெஷின் நம்பர் இருக்கான்னு பாக்கணும், எல்எஸ்யுஎஸ்பி கமாண்ட் காட்டுற அந்த வரிய இங்க போடுங்க.

இதத்தான் சொல்றேன் பென்குவின். யுஎஸ்பி 3க்கு ஒரு மாறி, பர்மிஷனுக்கு ஒரு குரூப், 2480க்கு ஒரு ஃபைல். செருகுனா ஓடுதா?

பென்குவின்_பொங்கோல் · 8:10

மூணுல ஒண்ணு கூட டிரைவர் இல்ல. எண்ணிப் பாருங்க.

அங்மோகியோ_தமிழ் · 8:22

'இயக்கி'ன்னு எழுதலாமே.

லாவண்டர்_புதுசு · 12:46

வணக்கம், இன்னிக்குத்தான் சேர்ந்தேன். எனக்கு ஒருத்தர் எப்சன் 2580 சும்மா குடுத்தாரு, டெபியன் போட்ட லேப்டாப் இருக்கு. லிஸ்ட்ல 'எப்சன் ஸ்கேனர்1'ன்னு வருது, ஓப்பன் ஆகல. முழு இழையும் படிச்சேன். 2580க்கும் அதே 41 ஃபைல்தானா?

பென்குவின்_பொங்கோல் · 12:51

ஆமா, 2480க்கும் 2580க்கும் ஒரே ஃபைல்தான். விண்டோஸ் மெஷின்ல ட்வைன்_32 ஃபோல்டர்ல தேடுங்க, கெடச்சா காப்பி பண்ணி ஸ்னாப்ஸ்கேன் ஃபோல்டர்ல போட்டு கான்ஃப்ல பாதைய எழுதுங்க, ஸ்கேனர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

சிராங்கூன்_பழசு · 12:53

எல்லாரும் பாத்துக்குங்க. ஃபைல் வேணும்னு அவரே எழுதிட்டாரு.

பென்குவின்_பொங்கோல் · 12:54

ஃபைல் வேணும்னுதான் எழுதுனேன். டிரைவர் வேணும்னு எங்கயாச்சும் எழுதியிருக்கேனா காட்டுங்க.

சிராங்கூன்_பழசு · 12:58

லாவண்டர், என்கிட்ட பழைய சிடி இருக்கு, சனிக்கிழம சாயங்காலம் லேப்டாப்ப எடுத்துக்கிட்டு தேக்கா பக்கம் வாங்க, அதுலேருந்தே எடுத்துக்கலாம். ஸ்கேனரையும் கொண்டு வாங்க, அடியில பூட்டுச் சுவிட்ச் ஏதும் இருந்து லாக்ல இருக்கான்னு அதையும் பாத்துருவோம். காராங்குனிக்கு மட்டும் குடுத்துராதீங்க.

பென்குவினுக்குச் சாயங்காலம் வந்து பதில் எழுதுறேன், இன்னும் முடியல.