சூரியன் ஏன் குண்டு மாதிரி வெடிக்கல, டீச்சர்?

தாராவியில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன், பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். சமீபத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், சூரியன்ல அவ்வளவு ஹைட்ரஜன் இருக்கே, ஏன் ஒரேயடியா வெடிக்கல?" இந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பேன்.

ஹைட்ரஜன் கருக்கள் (அதாவது புரோட்டான்கள்) சேர்ந்து ஹீலியமாகிற அணுக்கரு இணைவு சூரியன் முழுக்க நடப்பதில்லை. மேலே இருக்கிற அத்தனை எடையும் அமுக்குகிற மையப் பகுதியில் மட்டும்தான். நட்டநடுவில் வெப்பம் 1.5 கோடி டிகிரி, அடர்த்தி தண்ணீரைப் போல 150 மடங்கு. அதுவும் போதாது! புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும். குவாண்டம் இயற்பியல் விட்டுவைத்திருக்கிற சின்ன வாய்ப்பில் எப்போதாவது ஒரு ஜோடி அந்தத் தடையை ஊடுருவினாலும், அந்தக் கணத்திலேயே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறியாக வேண்டும், இல்லையென்றால் இரண்டும் பிரிந்துவிடும். இது அவ்வளவு அபூர்வம் என்பதால் ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி வருஷம் காத்திருக்கிறது. வேகம் கொஞ்சம் கூடினாலும் மையம் விரிந்து, குளிர்ந்து, தானே அடங்கிவிடும்.

"கன அளவுக்குக் கணக்குப் பார்த்தால் சூரியனின் மையத்தை விட உன் உடம்புதான் அதிக வெப்பம் தருது" என்றேன். வகுப்பே சிரித்தது. போர்டில் எழுதிக் காட்டினேன்: அங்கே ஒரு கன மீட்டருக்கு 300 வாட்டுக்கும் குறைவு, நம் உடம்பில் 1,000 வாட்டுக்கு மேல். சூரியனின் பிரம்மாண்டம்தான் ஈடுகட்டுகிறது: நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது, அதில் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாகிவிடுகிறது.

அப்புறம் பின்வரிசைப் பையன் ஒருவன்: "அப்போ ட்ராம்பேல அவ்வளவு சூட்டை எதுல வச்சிருக்காங்க?"

செம்பூர் தாண்டினால் ட்ராம்பே, அணு உலைகள் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கேதான், அவன் கேட்டது நியாயம். அங்கே நடப்பது இணைவு இல்லை, கனமான கரு உடைகிற அணுக்கருப் பிளவு, அதற்குக் கோடி டிகிரி வேண்டியதே இல்லை. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, யுரேனியக் கரு அதைத் தள்ளாது. மெதுவாக வந்தால் யுரேனியம் 235 இன்னும் சுலபமாகப் பிடித்துக்கொண்டு பிளக்கும். 1956-ல் அங்கே இயங்கத் தொடங்கிய அப்சரா ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்த உலை. தண்ணீர் குளிர்வித்தது, நியூட்ரானின் வேகத்தையும் குறைத்தது. 1985-ல் வந்த துருவா உலையில் இயற்கை யுரேனியம், அதில் 235 வகை வெறும் 0.7 சதவீதம். சாதாரணத் தண்ணீர் நியூட்ரான்களை விழுங்கிவிடும் என்பதால் அங்கே கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்.

ஒரு பிளவில் இரண்டு மூன்று நியூட்ரான் வரும், அதில் ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்குகிற மாதிரி வைத்திருப்பதுதான் உலையை ஓட்டுகிறவர்களின் வேலை.

"அப்போ சூரியனை இங்க செய்யவே முடியாதா?" என்றாள் முதலில் கேட்டவள். முயற்சி நடக்கிறது, பிரான்சில் கட்டும் ஐடர் என்ற இணைவு உலைத் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. சூரியனைப் போலப் பல நூறு கோடி வருஷம் காத்திருக்க நம்மால் முடியாது, அதனால் சுலபமாக இணையும் கனமான ஹைட்ரஜன் வகைகளை எடுத்து 15 கோடி டிகிரிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள்.