தென்காசிப் பக்கம் குடும்பத்தோடு வயல்வெளி நடை: எந்தப் பருவத்தில் எங்கே போகலாம்?

கேள்வி: புதுவரவு

வணக்கம். பணிமாற்றலாகிச் சென்னையிலிருந்து தென்காசிக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நானும் மனைவியும், ஆறும் பத்தும் வயதான எங்கள் பிள்ளைகளும், எழுபதைத் தாண்டிய என் அம்மாவும், பக்கத்து வீட்டாரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஊருக்கு வெளியே நடந்துவருகிறோம். சாரல் காலத்தில் தொடங்கியதால் இதுவரை வெயிலும் தெரியவில்லை, களைப்பும் தெரியவில்லை. இனி மழைக்காலம் வருகிறது, அதன் பின் பனியும் கோடையும் வரும். ஆண்டு முழுவதும் இந்த வழக்கத்தை விடாமல் தொடர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அருவிக்கரைக் கூட்டத்தை நாங்கள் நாடவில்லை. பிள்ளைகள் மண்ணையும் பயிரையும் பார்த்து வளர வேண்டும். அம்மாவால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உட்காராமல் நடக்க இயலாது. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகலாம், எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்று இவ்வூர்க்காரர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: குளத்துக்கரை

ஐயா, வாரம் ஓர் ஊராகத் தேடி அலைய வேண்டாம். வீட்டிலிருந்து எளிதில் போகக்கூடிய ஒரு குளத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் அதன் கரையிலேயே நடந்து பாருங்கள் என்பதுதான் நாற்பது ஆண்டுகளாக இந்தப் பக்கம் நடந்துவருபவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது. இப்போது, புரட்டாசியில், குளத்தின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பரப்பில், மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அதே இடத்தில் தண்ணீர் நிற்கும். நல்ல மழை ஆண்டாக இருந்தால் கார்த்திகையில் குளம் நிரம்பி, மிகுந்த நீர் மறுகால் வழியாக வெளியே பாயும். மார்கழியில் கரையின் ஒரு புறம் நிறைந்த நீரும் மறுபுறம் பிசான நெல்லும் (இந்த மழையை நம்பி நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது) இருக்க, நடுவில் பனிக்குள் நடப்பீர்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த நெல்தாளில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். இத்தனையும் ஒரே இடத்தில் மாறுவதைப் பார்க்கும் பிள்ளைக்குப் பருவம் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

முதல் மழை பெய்த மறுநாள் காலை கட்டாயம் போங்கள். ஈரச் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். குன்றிமணி நிறத்தில், பட்டுத் துணியைத் தொட்டது போன்ற உடல். என் மகள் சிறுமியாக இருந்தபோது ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, அது கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்து, பிறகு மெல்ல நடக்கத் தொடங்கும் வரை மூச்சுக்கூட விடாமல் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதே நாட்களில் வேலியோரம் பூத்திருக்கும் செங்காந்தளைத் தொட விடாதீர்கள். நம் மாநில மலர் என்று காட்டலாம். ஆயினும் கிழங்கு உட்பட அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு.

ஐப்பசியில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடி இறங்கும் என்பதால் காலை நடையோடு வீடு திரும்பிவிடுங்கள். மேகம் கறுத்துவிட்டால் தனிப்பனையின் அடியில் ஒதுங்கவே கூடாது.

பதில்: சிற்றாற்றுப் பாசனம்

விவசாயி என்ற முறையில் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நாற்று நடுவதற்கு முன் வரப்பைச் செதுக்கிச் சேறு பூசியிருப்போம். பார்ப்பதற்கு வழவழப்பான பாதை போலத் தெரியும். அதில் ஒருவர் கால் வைத்தாலே ஓரம் சரிந்து, கட்டிய தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும். இந்த ஆண்டு எங்கள் வயலில் இருமுறை அப்படி நடந்தது. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பூசிய வரப்பு காய்ந்து புல் முளைத்த பிறகு தாராளமாக நடக்கலாம். வயலில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுப்பவர் அரிது.

ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பார்க்கப் போவதானாலும் சாலையோரமாகவே நில்லுங்கள். படம் எடுப்பதற்காக உள்ளே புகுபவர்களால் செடிகள் முறிகின்றன. முற்றிய பூக்கள் சூரியனோடு திரும்புவதில்லை, கிழக்கு நோக்கியே நிற்கும். ஆகவே வயலின் கிழக்குப் பக்கச் சாலையில் காலையில் நின்றால் எல்லாப் பூக்களும் உங்களைப் பார்த்தபடி இருக்கும்.

வயல்களில் கண்ணாடி விரியன் உண்டு. விடிந்த பிறகே கிளம்புங்கள், மூடிய செருப்பு அணியுங்கள், புல் அடர்ந்த இடத்தில் கம்பால் தட்டிக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பதில்: பனையோலை

கோடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சித்திரை, வைகாசியில் அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விடிந்ததும் கிளம்பி ஏழு மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிட்டால் போதும். பனங்காட்டு ஓரமாகப் போனால், காலையில் இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் நுங்கையும் போட்டுத் தருவார்கள். உங்கள் அம்மாவுக்கு அதைக் குடிக்கும் முறை தெரிந்திருந்தால், பிள்ளைகளுக்கு அவரே கற்றுக்கொடுக்கட்டும்.

தை, மாசியில் ஒரு நாள் மட்டும் பேருந்திலோ காரிலோ திருப்புடைமருதூருக்குப் போய் வாருங்கள். தாமிரபரணிக் கரை மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும் ஊர் அது. ஊர்மக்களே பறவைகளைக் காத்துவருவதால் 2005-இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோயிலை ஒட்டி ஆறு இருப்பதால் அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

பதில்: புதுவரவு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள ஒரு குளத்தை நேற்று முடிவு செய்துவிட்டோம். கரை தொடங்கும் இடம்வரை அம்மாவை வண்டியில் அழைத்துப் போனேன்; அங்கிருந்து முதல் மடை வரை மெதுவாக நடந்து வந்து, மடைக்கல்லில் அமர்ந்தார். மடைத்தூணில் பழைய நீர்மட்டக் கறை ஒன்று தெரிந்தது. தண்ணீர் அதுவரை ஏறுமா என்று சிறியவன் கேட்டான். மழை தொடங்கியதும் வாராவாரம் வந்து அளந்து பார்க்கலாம் என்று அம்மா சொன்னார். அதற்காக அவன் இப்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறான்.