கடமான் கொம்பு ஒரு பக்கம் மட்டும் கோணலானது ஏன்?

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கடமான் கொம்பு மாட்டியிருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய, தாத்தா காலத்து வேட்டை. உரிமைச் சான்றிதழ் இருக்கிறது. விற்கும் எண்ணமில்லை, தயவுசெய்து இன்பாக்ஸில் விலை கேட்காதீர்கள்.

வலது கொம்பு வழக்கம்போல்தான்: நெற்றிக்கு மேல் ஒரு கிளை, நுனியில் இரண்டாகப் பிரிவு. இடது கொம்போ குட்டையாகத் தடித்து, கீழ்நோக்கி வளைந்து, பக்கவாட்டில் மொட்டு மொட்டாகப் புடைத்திருக்கிறது. மண்டையோட்டுத் துண்டோடு இருப்பதால், உதிர்ந்து கிடந்ததை எடுத்து வந்ததில்லை.

நான் படித்தவரை, வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் வெல்வெட் தோல் பருவத்தில் அடிபட்டால் அந்த முறை கொம்பு கெடும். அது உதிர்ந்தபின் அடுத்தது ஒழுங்காக வரலாம். கொம்பு முளைக்கும் அடிக்கட்டை எலும்பே சேதமானால் ஒவ்வொரு முறையும் கோணல்தான். விரையில் அடிபட்டு ஹார்மோன் குறைந்தாலும் கெடும், ஆனால் அது ஒரு பக்கத்தோடு நிற்குமா என்ன? பின்னங்காலில் காயம்பட்ட மானுக்கு எதிர்ப்பக்கக் கொம்பு கோணலாவதும் உண்டாம். விசித்திரம்தான்! பெரியப்பாவோ "அது வயசான மான்டா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

கால்நடை மருத்துவர்கள், வனத்துறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அடிக்கட்டையில் பழைய முறிவு இருந்ததா என்று வெளியிலிருந்து பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? அப்புறம், குரும்பப்பட்டி பூங்கா மான்களில் இப்படி ஒன்றை யாராவது பார்த்திருக்கிறீர்களா?