நினைவுத் தூணில் உள்ள வீரரின் தாயை எப்படித் தேடுவது?

கேள்வி: இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் போர் நினைவுத் தூணில் 1916இல் இறந்தவர் பெயர் மட்டும் இருக்கிறது. அவருடைய தாயின் பூர்வீகம், மற்ற பிள்ளைகள் விவரம் வேண்டும். ராணுவக் கோப்பு கிடைக்கவில்லை.

பதில் 1: கோப்பு எரிந்திருக்கும். 1940இல் லண்டன் மீதான குண்டுவீச்சில் முதல் உலகப் போர் வீரர்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. ‘சோல்ஜர்ஸ் எஃபெக்ட்ஸ்’ பதிவேட்டைப் பாருங்கள். இறந்த வீரரின் சம்பள பாக்கி யாருக்கு, எவ்வளவு போனது என்று இருக்கும். “தாய்” என்றிருந்தால் உடனே தந்தை இறந்துவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். மகனே உயிலில் தாய்க்கு எழுதியிருக்கலாம்.

பதில் 2: பிறகு 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மணமான பெண்களிடம் பிறந்த, உயிரோடுள்ள, இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டார்கள். அப்போதைய மணவாழ்வுக்கு மட்டும்தான், அதனால் முதல் கணவரின் பிள்ளைகள் விடுபடும். விதவைகள் நிரப்பத் தேவையில்லை. ஆனாலும் பலர் நிரப்பினார்கள், கணக்கெடுப்பு அலுவலர் அதைக் கோடிட்டு அடித்துவிட்டார். அப்படி அடித்ததைத்தான் முதலில் படிக்க வேண்டும்!

பதில் 3: தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் பழைய பிறப்பு அட்டவணையில் 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான் வரும். ஜிஆர்ஓ என்ற பிறப்பு, இறப்புப் பதிவுத் தலைமை அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் 1837 முதலே தேடலாம். மறுமணத்தால் குடும்பப்பெயர் மாறியிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். அப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தாயின் முந்தைய பெயரும் சில சமயம் இருக்கும்.