விண்டர்மியர் ஏரில பொண்ணோட முதல் நீச்சல், கூடவே கேம்பிங்: போனவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

மதுரைப்பொண்ணு_லெஸ்டர்:
வணக்கம் மக்களே. என் பொண்ணுக்கு 11 வயசு, ஜூன்ல இங்கிலாந்து வடக்க விண்டர்மியர் ஏரில நடக்குற கிரேட் நார்த் ஸ்விம்ங்கிற நீச்சல் நிகழ்ச்சில 250 மீட்டருக்கு பேர் குடுத்திருக்கோம். ஸ்விம்மிங் பூல்ல அந்த தூரம் அவளுக்கு ஒரு விஷயமே இல்ல, ஆனா ஏரில இதுவரைக்கும் இறங்கினதே கிடையாது. நேத்து ராத்திரி படுக்கும்போது "அம்மா, அங்க பூல்ல மாதிரி அடியில கோடு இருக்காதாமே, தரையே தெரியாதாமே"ன்னு கேட்டா, அப்புறம் ரொம்ப நேரம் தூங்கல. அதனால அவசரமா போயிட்டு அவசரமா வராம வெள்ளிக்கிழமையே போய் டென்ட் போட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்னு இருக்கோம். நாங்க ரெண்டு பேர், பொண்ணு, 6 வயசு பையன், அப்புறம் ஊர்ல இருந்து வந்திருக்கிற எங்க அத்தை, அவங்களுக்கு 68, முட்டி வலி வேற. எங்க தங்கலாம், என்ன சமைக்கலாம், முக்கியமா குளிருக்கு பிள்ளைய எப்படி தயார் பண்றது? வீட்டுக்காரர் அதே நாள்ல தானும் ஒரு மைல் நீந்துறேன்னு நிக்கிறார், அது சரிப்படுமா?

கடலூர்க்காரன்:
சகோதரி, முதல்ல ஒண்ணு, அந்த ஏரித்தண்ணி பிள்ளை உடம்புல படுற முதல் தடவை போட்டி அன்னைக்கா இருக்கவே கூடாது, மத்ததெல்லாம் அப்புறம். பூல் தண்ணி 28 டிகிரி பக்கம் இருக்கும், ஜூன் மாசம் விண்டர்மியர் பெரும்பாலும் 14ல இருந்து 17 வரைக்கும்தான் இருக்கும். அந்த குளிர்ல திடீர்னு இறங்கினா நல்லா நீந்துற பிள்ளைக்கும் மூச்சு பக் பக்னு அடிச்சுக்கும், தலைய தண்ணிக்குள்ள வைக்கவே முடியாது, அது பயம் இல்ல, உடம்போட வேலை, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா அடங்கிடும். இத அவகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, தெரிஞ்சிருந்தா பாதி பதட்டம் போயிடும். தண்ணில மாட்டினவங்கள காப்பாத்துற ஆர்.என்.எல்.ஐ. அமைப்பு இங்க சொல்லிக் குடுக்கிறதும் இதான், மூச்சு அடங்குற வரைக்கும் நீந்தாத, மல்லாக்க படு, காது தண்ணிக்குள்ள இருக்கட்டும், கைகால லேசா ஆட்டு. இத பூல்லயே பழக்கலாம்.

லெஸ்டர் பக்கம் காவலுக்கு ஆள் இருக்கிற ஓபன் வாட்டர் இடம் ஏதாவது தேடி மே மாசமே சில தடவை கூட்டிட்டுப் போங்க, முதல்ல இடுப்பளவு தண்ணில நிக்கிறது, முகத்துல தண்ணி அள்ளி ஊத்திக்கிறது, மெதுவா தோள் வரைக்கும். வெட்சூட்ட, அதான் குளிர் தாங்குற ரப்பர் நீச்சல் உடைய, அந்தப் பயிற்சி அன்னைக்கே போட்டுப் பழகணும். கழுத்து, அக்குள், கீழ் முதுகுல தொளதொளன்னு இருந்தா தண்ணி உள்ள ஓடிட்டே இருக்கும், அந்த சூட் பிரயோஜனம் இல்ல. கால்ல ஒரு பிளாஸ்டிக் பைய மாட்டிட்டு நுழைச்சா வழுக்கிட்டு ஏறும், நகம் பட்டு கிழியாது.

கோடு இல்லாததுக்கு ஒரு வழி இருக்கு. ஏழெட்டு கை வீச்சுக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ண மட்டும் மேல தூக்கிப் பாக்கணும், வழி காட்ட போட்டிருக்கிற மிதவைய தேடாம அதுக்குப் பின்னாடி தெரியிற மலையோ பெரிய மரமோ ஒண்ண குறி வச்சுக்கணும், ஏன்னா அலைல மிதவை மறைஞ்சிடும், மலை மறையாது. பூல்ல கண்ண மூடிட்டு பத்து வீச்சு போகச் சொல்லி எந்தப் பக்கம் சாயிறான்னு பாருங்க, எல்லாருமே ஒரு பக்கம் சாய்வாங்க.

வடமராட்சி_அக்கா:
தங்கச்சி, நாங்கள் மகனை கூட்டிக்கொண்டு போனனாங்கள். லோ ரே எண்டு நேஷனல் டிரஸ்ட் எண்ட அறக்கட்டளையின்ர கேம்ப்சைட் ஒண்டு ஏரிக்கரையிலயே இருக்கு, ஆம்பிள்சைடு டவுனுக்கு கிட்ட, மேற்குப் பக்கம். போட்டி நடக்கிற லோ வுட் பே எதிர்க்கரை, ஆம்பிள்சைடை சுத்தித்தான் காரில போகவேணும், அண்டைக்கு றோட்டு சரியான நெரிசலா இருக்கும், வெள்ளென வெளிக்கிடுங்கோ. அங்க மரத்தால செய்த பொட் எண்டு சின்ன அறையளும் இருக்கு, மாமிக்கு அதை எடுங்கோ, முட்டி வலியோட நிலத்தில படுத்து எழும்பேலாது. இப்பவே புக் பண்ணுங்கோ, பிந்தினா கிடைக்காது. பின்னேரத்தில மிட்ஜ் எண்ட சின்னக் கொசு மொய்க்கும், அதுக்கு மருந்து கொண்டுபோங்கோ.

சாப்பாட்டுக்கு கனக்க கஷ்டப்படாதேங்கோ. முதல் நாளுக்கு வீட்டிலயே புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கோ, பழுதாகாது. நீந்திற அண்டு காலமை அவ வழக்கமா என்ன சாப்பிடுறாவோ அதுதான், ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னம், புதுசா ஒண்டும் வேண்டாம். மழை பெஞ்சாலும் அடுப்பை டென்ட்டுக்குள்ள கொண்டுபோகாதேங்கோ. பார்பிக்யூ கரி அணைஞ்சமாதிரி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு மணமே இல்லை, நித்திரையிலயே ஆள் போயிடும். சின்னவனும் மாமியும் இருக்கினம் எண்டதால திருப்பிச் சொல்லுறன்.

பிள்ளைக்கு எங்கட நவரத்தினசாமியின்ர கதையை சொல்லுங்கோ. தொண்டைமானாற்று ஆள், 1954இல பாக்கு நீரிணையை கடந்து கோடிக்கரை போய்ச் சேர்ந்தவர். அவருக்கும் அடி தெரியேல்லை எண்டு என்ர மகனுக்கு சொன்னனான், அவன் அதைப் பிடிச்சுக்கொண்டான்.

ஏரிக்கரை_மாமா:
இன்னொரு விஷயம். விண்டர்மியர்ல விஷமா மாறக்கூடிய நீலப்பச்சை பாசி வந்தா இறங்க விடமாட்டாங்க, 2010ல அதனாலதான் இந்த நீச்சலே ரத்தாச்சு. காத்து பலமா அடிச்சாலும் தூரத்த குறைப்பாங்க இல்ல நிறுத்துவாங்க. இத பொண்ணுகிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, ரத்தானா அன்னைக்கு எந்த மலை ஏறுறோம், எங்க படகுல போறோம்னு அவளையே முடிவு பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா அத்தனை தூரம் வந்து பிள்ளை உடைஞ்சு போயிடும். கேம்ப்சைட் கரையில சும்மா இறங்குறதா இருந்தாலும் பெரியவங்க ஒருத்தர் கூடவே தண்ணில இருக்கணும், பளிச்சுன்னு ஒரு மிதவைய இடுப்புல கட்டிவிடுங்க, படகு போய் வந்துட்டே இருக்கிற ஏரி அது.

மதுரைப்பொண்ணு_லெஸ்டர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா சொன்ன அந்த பொட் புக் பண்ணிட்டேன், அத்தை இப்பவே கம்பளி எடுத்து வைக்கிறாங்க. மே மாசம் ரெண்டு சனிக்கிழமை பயிற்சிக்கு போறதா முடிவு. நீந்தி வெளிய வந்த உடனே சுடுதண்ணில குளிக்க வைக்கலாமா? வீட்டுக்காரர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே.

கடலூர்க்காரன்:
உடனே சுடுதண்ணி வேண்டாம்மா. வெளிய வந்து பத்து நிமிஷம் கழிச்சுதான் நடுக்கம் ஜாஸ்தியாகும், தோல்லயும் சதையிலயும் இருக்கிற குளிர் உள்ள இறங்குறதால உடம்பு இன்னும் கொஞ்ச நேரம் குளிர்ந்துட்டேதான் இருக்கும், அந்த நேரம் சுடுதண்ணி ஊத்தினா தலை சுத்தி விழுந்துடுவாங்க. வெட்சூட்ட மேல இருந்து கழட்டி, துடைச்சு, மேல்சட்டை, கம்பளித் தொப்பி, அப்புறம் கீழ. விரல் விறைச்சுப் போய் பட்டன் எல்லாம் போட வராது, அதனால தொளதொளன்னு இழுத்து மாட்டுற துணியா எடுத்து வைங்க. பிளாஸ்க்ல இதமா ஹார்லிக்ஸ், கையில ஒரு வாழைப்பழம். உடம்பு சூடேறி நடுக்கம் நின்னப்புறம் குளிக்கட்டும்.

அண்ணன் தாராளமா நீந்தட்டும், ஆனா ரெண்டு பேர் நேரமும் ஒட்டி வந்தா விட்டுடச் சொல்லுங்க. பொண்ணு இறங்கும்போதும் ஏறும்போதும் அவர் காஞ்ச துணியோட, துண்டை விரிச்சுப் பிடிச்சு கரையில நிக்கணும். சின்னவனையும் அத்தையையும் பாத்துக்கிட்டு நீங்க ஒருத்தரே அதையும் செய்ய முடியாது.

மதுரைப்பொண்ணு_லெஸ்டர்:
அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ஞாயித்துக்கிழமைக்கு மாத்த முடியுமான்னு மெயில் போட்டுட்டு இருக்கார், முடியலன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டார்.